எட்டு நொடிகளுக்குப் பிறகு

மட்டை பிடித்த பெண்கள் – 17

2016 ஆகஸ்ட் 19, ரியோ டி ஜெனீரோ. ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கி இறுதிப் போட்டி 3-3 என்று முடிந்து, ஷூட் அவுட்டுக்குப் போய்விட்டது. 23 மீட்டர் கோட்டில் பந்தோடு ஒருத்தி நிற்பாள். எதிரே கோல்கீப்பரைத் தவிர வேறு யாரும் இல்லை. விசில் ஊதியதிலிருந்து 8 நொடி. அதற்குள் பந்து வலைக்குள் விழ வேண்டும். பதினொரு பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆடிய ஆட்டம், கடைசியில் இரண்டே பேரின் தலையில் வந்து இறங்குகிறது.

எதிரணி நெதர்லாந்து. பீஜிங்கிலும் லண்டனிலும் தங்கம் வாங்கிவிட்டு தொடர்ந்து மூன்றாவது தங்கத்துக்காக வந்திருந்த அணி. பிரிட்டன் கோலில் நின்றவர் மேடி ஹின்ச், வயது 27. எந்த வீராங்கனை எந்தப் பக்கம் திரும்புவார், எந்த நேரத்தில் அடிப்பார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துப் படித்திருந்தார். நெதர்லாந்திலிருந்து நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நான்கு பேரையும் ஹின்ச் தடுத்தார். பிரிட்டனுக்காக ஹெலன் ரிச்சர்ட்சன்-வால்ஷ் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒன்று, ஹோலி வெப் ஒன்று என இரண்டு கோல். பெண்கள் ஹாக்கியில் பிரிட்டன் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அன்றிரவு பி.பி.சி. தன் பத்து மணிச் செய்தியையே தள்ளிவைத்து இந்த ஆட்டத்தைக் காட்டியது.

சென்ற வாரம் வெம்ப்ளி மைதானத்தைப் பார்த்தோம். 1951 முதல் 1991 வரை இங்கிலாந்துப் பெண்கள் அணி அங்கே ஆடும்போதெல்லாம், ஊர் ஊராகப் பேருந்து பிடித்து வந்த பள்ளிச் சிறுமிகள் பல்லாயிரக்கணக்கில் கூடிக் கத்திய கதையைச் சொன்னேன். அந்தக் காலம் முடிந்த பிறகு, ஒரு சிறுமி பார்த்து ஆசைப்படும்படி இந்த ஆட்டம் மறுபடி பெரிதாகக் கண்ணில் பட்டது அந்த ஆகஸ்ட் இரவில்தான். அதற்குப் பிறகு கிளப்புகளின் வாசலில் மட்டையோடு சிறுமிகள் வந்து நின்றார்கள். கோல்கீப்பராக வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்களில் உண்டு. கனமான கால் காப்புகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கும் அந்த இடத்துக்குப் போட்டி வருவது எளிதில் நடக்கிற காரியம் இல்லை.

அந்தச் சிறுமிகள் பார்த்தது 8 நொடிகளை. அதற்கு முன்னும் பின்னும் இருந்த வருடங்களைத்தான் இந்த வாரம் சொல்ல நினைக்கிறேன்.

முன்னால் என்ன இருந்தது? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு பிரிட்டன் பெண்கள் தகுதியே பெறவில்லை. அப்போது கேப்டன் பொறுப்பு ஏற்று ஒரு வருடம்கூட நிறையாத கேட் ரிச்சர்ட்சன்-வால்ஷ், அதற்குப் பிறகு 2016 வரை அந்தப் பொறுப்பைச் சுமந்தார். 2012 லண்டனில் முதல் ஆட்டத்திலேயே, ஜப்பானுக்கு எதிராக, மட்டை பட்டு அவர் தாடை உடைந்தது. அறுவை செய்து உலோகத் தகடு வைத்தார்கள். இரண்டு ஆட்டம் மட்டும் வெளியே இருந்துவிட்டு, முகக் காப்பு அணிந்து திரும்பி வந்து வெண்கலம் வாங்கிக் கொடுத்தார். நாடே எழுந்து நின்று கைதட்டியது. உடைந்த எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அவருடைய வாழ்க்கைத் துணை ஹெலனுக்கு உடைந்தது எக்ஸ்ரேயில் முழுதாகத் தெரியவில்லை. 18 வயதில் சிட்னி ஒலிம்பிக்கில் ஆடியவர் ஹெலன். 2013லும் 2014லும் முதுகில் இரண்டு அறுவை சிகிச்சை. தன் உடம்பு இனி ஆட விடுமா என்ற கேள்வியோடு படுத்துக் கிடந்த அந்த மாதங்களில் மன அழுத்த நோய் அவரைப் பிடித்தது. அதே 2014ல் ஹேக் நகரில் நடந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்து 12 அணிகளில் 11ஆவது இடம். அணியும் நொறுங்கிக் கிடந்தது, அவரும் நொறுங்கிக் கிடந்தார். ஹெலன் பிறகு இதை வெளிப்படையாகப் பேசினார். உளவியல் படித்தார். ரியோவில் ஸ்ட்ரோக் அடிக்க அவர் நடந்து போனதைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம், தன் மனத்தோடு இரண்டு வருடம் வழக்காடி வந்த ஒரு பெண்ணின் நடை அது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஹேக் தோல்விக்குப் பிறகு பயிற்சியாளர் டேனி கெரி அணியை எடுத்துக்கொண்டார். கூடவே விளையாட்டு உளவியலாளர் ஆண்ட்ரியா ஃபர்ஸ்ட். தோற்றால் பேசிக்கொள்வது எப்படி, ஒருத்தி சோர்ந்தால் மற்றவர் என்ன செய்வது என்பதையெல்லாம் வீராங்கனைகளே உட்கார்ந்து பேசி எழுதி வைத்தார்கள். வியாழக்கிழமைப் பயிற்சி ஒன்று புகழ்பெற்றது. முதலில் உடம்பு ஓய்ந்து போகும் அளவுக்கு ஓட விடுவார்கள். மூச்சு வாங்கும் அந்த நேரத்தில் ஆட்டத்தின் விதியையும் கணக்கையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, யோசித்து முடிவெடுக்கச் சொல்வார்கள். களைத்த உடம்புக்குள் தெளிந்த தலை. ரியோவில் எட்டு ஆட்டமும் வென்றதற்கு இந்த வியாழக்கிழமைகளே அடித்தளம்.

ஆனால் வென்ற பிறகு வரும் நாட்களுக்கு யாரும் வியாழக்கிழமை வைக்கவில்லை.

நான்கையும் தடுத்தவர் என்ற பெயர் ஹின்ச்சுக்கு ஒட்டிக்கொண்டது. உலகின் சிறந்த கோல்கீப்பர் விருது வந்தது, திரும்பவும் வந்தது. இனி ஒவ்வொரு முறையும் நான்கையும் தடுக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது. அவரும் தன்னிடம் அதையே எதிர்பார்த்தார். தடுத்தால் அது வழக்கமான காரியம், விட்டால் செய்தி. 2018ல் லண்டனில், சொந்த மண்ணில், உலகக் கோப்பைக் காலிறுதியில் அதே நெதர்லாந்திடம் 0-2 என்று தோற்றார்கள். அந்த ஆண்டே ஹின்ச் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகி ஓய்வெடுத்தார். எதிர்பார்ப்பின் பாரத்தைப் பற்றியும் தன் மனநிலை பற்றியும் பிறகு அவரே பேசினார்.

இந்த விலகலை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. வரலாற்றில் இதற்கு அந்த நான்கு தடுப்புகளுக்குச் சமமான இடம் கொடுப்பேன். அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமியை நினைத்துப் பாருங்கள். அவளுக்கும் பள்ளி அணியில் ஒரு கோல் விட்ட இரவில் தூக்கம் வராது. அம்மாவிடம் சொன்னால் ‘ஆட்டம்தானே’ என்ற பதில் வரும். தான் கொண்டாடும் பெண்ணே ‘எனக்கும் முடியவில்லை’ என்று சொல்லிவிட்டு நின்று, பிறகு திரும்பி வந்தாள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். பதக்கப் படத்தை மட்டும் கொடுத்து அவளை ஏமாற்றக் கூடாது.

ஹின்ச் திரும்பி வந்தார். 2021 ஆகஸ்ட் 2, டோக்கியோ காலிறுதி. ஸ்பெயினோடு 2-2, மறுபடி ஷூட் அவுட். மறுபடி நான்கு பேரையும் தடுத்தார். அரையிறுதியில் நெதர்லாந்து 5-1 என்று அடித்துப் போட்டது. ஆகஸ்ட் 6 அன்று வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே வந்து நின்றது இந்தியா.

பிரிட்டன் 2-0 என்று முன்னே போனது. பிறகு 25, 26ஆவது நிமிடங்களில் குர்ஜீத் கவுர், 29ஆவது நிமிடத்தில் வந்தனா கட்டாரியா. ஐந்து நிமிடத்துக்குள் ஹின்ச்சைத் தாண்டி மூன்று பந்துகள். இடைவேளையில் இந்தியா 3-2. அதற்குப் பிறகு ஹோலி சமன் செய்தார். ரியோவில் கடைசி பந்தை அடித்த அதே ஹோலி வெப். டோக்கியோவில் அவர் ஹோலி பியர்ன்-வெப், அணியின் கேப்டன். கிரேஸ் பால்ஸ்டன் நான்காவது கோலைப் போட்டார். 4-3. இந்தியப் பெண்கள் கண்ணீரோடு களத்தை விட்டு வெளியேறினார்கள்.

மூன்றாவது கோல் அடித்த வந்தனாவை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு முன் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் போட்ட முதல் இந்தியப் பெண் ஆனவர். மே மாதம் தந்தை இறந்தபோது பயிற்சி முகாமில் இருந்ததால் கடைசியாக முகம் பார்க்கப் போக முடியாதவர். ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றதும், ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாதில் இருந்த அவர் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்தார்கள். சாதியைச் சொல்லி அந்தக் குடும்பத்தைத் திட்டினார்கள். இரண்டே நாள் கழித்துத்தான் அவர் ஹின்ச் காத்த கோலுக்குள் அந்தப் பந்தை அனுப்பினார்.

அடுத்த வாரம் ரோஷ்னாபாத் போவோம்.

(தொடரும்)