தமனி, நாடி, தந்துகி: குருதிக்குழாய்க் கலைச்சொற்களின் பொருள் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தமனி, நாடி, தந்துகி ஆகிய சொற்கள் பழைய மரபிலிருந்து பெறப்பட்டவை. அவற்றின் இன்றைய பொருளோ குருதிச் சுழற்சி கண்டறியப்பட்ட பின்னர் வரையறுக்கப்பட்டது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் பழைய நூல்களையும் இலங்கைத் தமிழ் நூல்களையும் படிப்பதால் நேரக்கூடிய பிழைகளை இக்கட்டுரை சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தமனி, சிரை, நாடி, நாளம், தந்துகி, கலைச்சொல்.

முன்னுரை

திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் செல்லும் சாலையில் உள்ள தாடிக்கொம்பு, சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்களால் அறியப்படும் ஊராகும். அக்கோயிலில் மருத்துவக் கடவுளாகிய தன்வந்திரிக்குத் தனிச் சன்னதி உண்டு. காசி மன்னன் திவோதாசனாகத் தோன்றிய தன்வந்திரி தம் மாணாக்கர் சுசுருதருக்கு உரைத்ததாகவே சுசுருத சங்கிதை தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அந்நூலில் பயிலும் தமனி, சிரை என்னும் சொற்களையே இன்று தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் உயிரியல் பாடத்தில் கற்கின்றனர். சொல் தொடர்ந்து வந்துள்ளது. பொருளும் அவ்வாறே தொடர்ந்ததா என்பது ஆராயத்தக்கது.

பழைய மரபில் தமனியும் நாடியும்

சுசுருத சங்கிதை கொப்பூழை மூலமாகக் கொண்ட 24 தமனிகளையும் 700 சிரைகளையும் குறிப்பிடுகிறது. ஒலி, மணம் முதலிய புலனுணர்வுகள், மூச்சு, உணவுச் சாரம், கழிவு ஆகியன தமனிகளின் வழியே செல்கின்றன. சிரைகள் வாதம், பித்தம், கபம், குருதி ஆகிய நான்கையும் சுமக்கின்றன. எனவே அங்குக் கூறப்படும் தமனி, இதயத்திலிருந்து குருதியை வெளிக்கொணரும் குழாய் என்னும் இன்றைய பொருளுடையதன்று. அச்சொல்லின் வேர் ஊதுதலைக் குறிப்பது. கிரேக்க மருத்துவர் எராசிசுட்ரேட்டசும் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தமனிகளில் காற்றே செல்வதாகக் கருதினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் அவற்றில் குருதி இருப்பதை நிறுவினார்.

சித்த மருத்துவத்தில் நாடி என்பது உடலில் ஓடும் 72,000 வழிகளையும், மணிக்கட்டில் உணரப்படும் துடிப்பையும், அத்துடிப்பைக் கொண்டு நோயறியும் முறையையும் ஒருங்கே குறிக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றால் முறையே வளி, அழல், ஐயம் அறியப்படுகின்றன. மருத்துவரின் விரல் தொடுவது இன்றைய உடற்கூற்றியலின்படி ஆரைத் தமனியே. எனினும் அத்துடிப்புக்கு மரபு தரும் விளக்கம் முக்குற்றக் கோட்பாட்டைச் சார்ந்தது.

சுழற்சியும் தந்துகியும்

குருதி சுழன்று வருவதை வில்லியம் ஆர்வி 1628இல் நிறுவினார். ஆயினும் தமனியிலிருந்து சிரைக்குக் குருதி செல்லும் வழியை அவரால் காண இயலவில்லை. 1661இல் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியே அவ்வழியைக் கண்டார். அதுவே தந்துகி.

தமனிச் சுவர் மூன்று படலங்களால் ஆனது. நடுப்படலத்தின் மீள்தன்மை மிக்க இழைகளும் தசையும் இதயம் சுருங்கும்போது உண்டாகும் அழுத்தத்தைத் தாங்கி, விரிந்து மீள்கின்றன. நாடித்துடிப்பு இவ்விரிவினால் தோன்றுவது. தந்துகியின் சுவரோ ஒற்றை அடுக்குச் செல்களால் மட்டுமே ஆனது. அதன் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சிவப்பணுக்கள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகவே அதனுள் செல்ல இயலும். அங்குக் குருதி மெதுவாக ஓடுவதால் உயிர்வளியும் ஊட்டப்பொருளும் திசுக்களுக்குச் சேர்கின்றன. கழிவு குருதிக்குத் திரும்புகிறது.

இத்தகைய குழாயை வெறுங்கண்ணால் காண இயலாது. ஆதலின் அதற்குரிய தனிச்சொல் பழைய மருத்துவ நூல்களில் இல்லாமை வியப்பன்று. தந்துகி என்பது நூல் எனப் பொருள்படும் தந்து என்பதன் அடியாகப் பிறந்தது. வடமொழியில் பொதுவாக உடற்குழாயைக் குறித்த அச்சொல் புதிய பொருளுக்கென வரையறுக்கப்பட்டது.

இரு கரை வழக்குகள்

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்னும் நூற்பெயர்களே வடசொல், வழக்குச்சொல், ஆங்கில ஒலிபெயர்ப்பு ஆகிய மூவகையும் அக்காலத்தில் ஆளப்பட்டதைக் காட்டுகின்றன.

இன்று இலங்கைப் பாடநூல்களில் தமனி நாடி எனவும், சிரை நாளம் எனவும், தந்துகி மயிர்த்துளைக்குழாய் எனவும் வழங்குகின்றன. துடிக்கும் குழாய்க்கு நாடி என்னும் பெயர் பொருந்துவதே. மயிர்த்துளைக்குழாய், மயிரைக் குறிக்கும் இலத்தீன் மூலத்தின் நேர்பெயர்ப்பு. ஆனால் தமிழ்நாட்டில் இரத்த நாளம் என்பது எல்லாக் குருதிக்குழாய்களுக்கும் பொதுப்பெயர். ஒரே சொல் ஒரு கரையில் இனத்தையும் மறுகரையில் அதன் ஒரு வகையையும் குறிப்பதால், மருத்துவ நூலைப் படிப்போர் சிரையைப் பற்றிய கூற்றைத் தமனிக்கும் உரியதாகக் கொள்ள நேரும்.

நிறைவுரை

பழைய நூலில் தமனி என்னும் சொல் இருப்பதைக் கொண்டே குருதிச் சுழற்சி முன்னரே அறியப்பட்டிருந்தது எனத் துணிதல் பொருந்தாது. இன்றைய பொருளை அளவுகோலாக்கி அந்நூலைப் பிழையெனத் தள்ளுதலும் பொருந்தாது. பதிப்பாசிரியரும் அகராதித் தொகுப்பாளரும் இச்சொற்களுக்குப் பொருள் தருகையில், சொல் பயிலும் காலத்தையும் நிலத்தையும் உடன் குறித்தல் வேண்டும்.