பங்களாக் குசினியும் லயத்து அடுப்பும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் வரலாற்றை அடுப்படியிலும் தேடலாம் என்பேன். 1837இல் பர்மிங்காமில் அல்பிரட் பேர்ட், முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக, முட்டை சேராத கஸ்டர்ட் மாவை உருவாக்கினார். கஸ்டர்ட்டும் பழ டார்ட்டும் வெள்ளைத் துரைமாரோடு இங்கு வந்து சேர்ந்தன.

பங்களாக் குசினியில் அப்பு, கோதுமை மாவில் வெண்ணெய் பிசைந்து, கிண்ணம்போல் வடித்துப் போறணையில் சுட்டார். ஆறியதும் கஸ்டர்ட் ஊற்றி, அன்னாசித் துண்டுகளை அடுக்கினார். அதே கோதுமை மா லயத்தில் ரொட்டியானது. அங்கே போறணை ஏது? விறகடுப்புத்தான். 1974இல் மாப் பங்கீடு சுருங்கவே, அந்த ரொட்டியும் அரிதாகிப் பட்டினி சூழ்ந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின.

இன்று வீட்டிலேயே டார்ட் சுடும் நம் பிள்ளைகள், அந்த ரொட்டியின் கதையையும் அறிய வேண்டும் என்பதே என் ஆவல்.