சபர்மதிக் கரையும் குஜரி சந்தையும்

கி.பி. 1411இல் சுல்தான் அஹ்மத் ஷா சபர்மதி நதிக்கரையில் அஹ்மதாபாத் நகரை நிறுவினார். ஞாயிறுதோறும் கூடும் குஜரி சந்தையும் அவர் காலத்தில் தோன்றியதென்பது வழிவழிச் செய்தி.

1997இல் மாநகராட்சி நதிக்கரை மேம்பாட்டு நிறுவனமொன்றை அமைத்தது. 2005இல் பணி தொடங்கிற்று. இரு கரைகளிலும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளத்திற்குச் சுவர் எழும்பி, 200 ஹெக்டேருக்கு மேல் நிலம் மீட்கப்பட்டது. வெள்ளமும் கழிவுநீரும் தடுக்கப்படும் என ஆதரித்தோர் கூறினர். கரையோரக் குடிசைகளில் வாழ்ந்த 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்களோ, எங்கே போவதென வினவின. வழக்கு குஜராத் உயர் நீதிமன்றம் சென்ற பின்னரே மறுகுடியமர்வு உறுதி பெற்றது. ஆயினும் பலருக்குக் கிடைத்த வீடு, தொழில் செய்யுமிடத்திற்கு வெகு தொலைவு. வழக்காடிய சந்தை வணிகர்களுக்கு 2014இல் கரையிலேயே புதிய இடம் அமைந்தது.

பொதுப்பணத்தில் எழும் கட்டுமானம் எதுவாயினும், அங்கு வாழ்வோரின் கணக்கு முதற்பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை.