மேல்கோட்டை ஓலைகளும் விரல் கருவியும்

மைசூருக்கு வடக்கே மலைமேல் அமைந்த மேல்கோட்டை (1939 வரை மைசூர் மாவட்டம், இன்று மண்டியா) இராமானுசர் காலந்தொட்டுத் தமிழோடு உறவு கொண்ட ஊர். அங்குள்ள சம்ஸ்கிருத சம்சோதன சம்சத்தின் ஓலைச்சுவடிகளில் கிரந்த எழுத்தில் அமைந்தவையும் உண்டு. வடமொழியை எழுதத் தமிழகம் ஆண்ட எழுத்து அது.

எழுத்தாணி ஓலையில் கீறியது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. கரி, இலைச்சாறு, மஞ்சள் முதலியவற்றாலான மையை ஏடு முழுதும் தேய்த்துத் துடைத்தால், கீறலுக்குள் தங்கிய கரி மட்டும் எழுத்தாய் நிற்கும். பழைய தமிழ்ப் பள்ளிகளில் இதனை மையாடல் என்றனர். முன்பே எழுதப்பட்டதை அத்தேய்ப்பு வெளிக்கொணர்ந்தது. தானாக எதையும் சேர்க்கவில்லை.

1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பின் முதற்பதிப்பிலேயே விரல் சின்னம் தாங்கிய ‘ஸ்மட்ஜ்’ கருவி இருந்தது. ஈரச் சாயத்தை விரலால் இழுப்பதுபோல், தொடங்கிய இடத்து நிறத்தை எடுத்து அடுத்த புள்ளிகளோடு கலந்துகொண்டே செல்லும். ஓவியனுக்கு இது வரம். சுவடிப் படத்தின் கறையை ‘அழகாக’ நீக்க முற்படுவோர் கையிலோ இது ஆபத்து.

கிரந்தத்தில் அனுஸ்வாரம் ஒரு சிறு வட்டம். புழு அரித்த துளையும் சிறு வட்டமே! துளையென்று கருதி அனுஸ்வாரத்தைக் கலைத்தால் ‘ராமம்’ என்பது ‘ராம’ ஆகும். ‘இராமனை’ எனும் பொருள் ‘இராமனே’ எனும் விளியாக மாறும். கலைத்த சுவடும் எஞ்சாது. ஏட்டுப் பிழைக்குப் பழியேற்க எழுதினோன் ஒருவன் இருந்தான். இப்பிழையோ அவன் தலையிலேயே விழும். மூலப்படத்தைத் தொடாமல் தனியே காத்து, திருத்தங்களை வேறு அடுக்கில் வைப்பதே முறை. இதனை வெறும் தொழில்நுட்ப நுணுக்கம் என ஒதுக்குதல் தகாது. இது பாடபேதச் சிக்கல்.

கலைக்காமலே தெளிவாக்கும் வழியும் உண்டு. அமெரிக்காவின் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பி. ஆர். முகுந்தும், ஆர்க்கிமிடீஸ் சுவடியை ஆய்ந்த குழுவினரான ரோஜர் ஈஸ்டனும், மத்துவாசாரியரின் ‘சர்வமூல’ ஓலைகளை அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தனர். அவ்வொளியில் பழுப்பேறிய ஓலை வெளிறித் தோன்றும். கரி அதனை உறிஞ்சிக் கருப்பாகவே நிற்கும். எவரோ ஒருவர் என்றோ தேய்த்த அதே கரி.