சிறப்புக் கல்வித் தேவை மதிப்பீடு (இங்கிலாந்து)

கற்றலில் இடர்ப்பாடோ உடற்குறைபாடோ உள்ள மாணவருக்கு என்ன உதவி, எவ்வளவு வேண்டும் என்பதைக் கண்டறியும் சட்டவழி நடைமுறை. குழந்தைகளைக் குறைபாட்டின் பெயரால் பிரிக்காமல் அவர்களின் கற்றல் தேவையைப் பார்க்கும்படி 1978-இல் அரசு அமைத்த வார்னாக் குழு பரிந்துரைத்தது. 1981 கல்விச் சட்டம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்றைய முறைக்கு அடிப்படை 2014-ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம்.

பள்ளி தரும் உதவி போதாதபோது பெற்றோரோ பள்ளியோ உள்ளாட்சி மன்றத்திடம் மதிப்பீடு கோரலாம். மருத்துவர் நோய்ப்பெயர் சூட்டியிருக்க வேண்டியதில்லை. மதிப்பிடுவதா என்பதை மன்றம் 6 வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பெற்றோர், ஆசிரியர், கல்வி உளவியலாளர், மருத்துவத் துறையினர், சமூகநலப் பணியாளர் ஆகியோரின் கருத்துகள் திரட்டப்படும். குழந்தையின் விருப்பத்தையும் கேட்டாக வேண்டும்.

உதவி தேவை என முடிவானால், கோரிக்கை வந்த 20 வாரத்துக்குள் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம் இறுதியாக வேண்டும். இத்திட்டத்தின் உயிர்நாடி அதன் சொற்களில் உள்ளது. ‘தேவைப்படும்போது பேச்சுப் பயிற்சி’ என்றெழுதினால் அதை வற்புறுத்திப் பெற முடியாது. வாரத்துக்கு எத்தனை மணி, யார் தருவார் என்று குறித்திருந்தால் கல்விசார் உதவியை மன்றம் அளித்தே தீரவேண்டும்.

மன்றத்தின் மறுப்பை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படும் இத்திட்டம், தேவை நீடித்தால், 25 வயது வரை தொடரலாம்.