பதிமூன்று குறிப்புகள்

2012 டிசம்பர் கடைசியில் தாராபுரத்தில் எங்கள் மருத்துவர் சங்கக் கூட்டம். தில்லிப் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு, நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் அரசு அமைத்த குழு மக்களிடம் கருத்துக் கேட்டு அறிவிப்பு கொடுத்திருந்தது. ஜனவரி 5-க்குள் அனுப்ப வேண்டும். சங்கத்தின் பெயரில் ஒரு பக்கமாவது எழுதலாம் என்றேன்.

"அதெல்லாம் வக்கீலுங்க பாத்துக்குவாங்க அம்மிணி. நமக்கெதுக்குங்க சட்டம்?" என்றார் மூத்தவர் ஒருவர். டீ வந்தது. பேச்சு டெங்குவுக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. நமக்கெதுக்கு? இதே கேள்விக்கு 1890-இலேயே பெண் மருத்துவர்கள் ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஆண்டு கல்கத்தாவில் புல்மோனி தாசி என்ற சிறுமி, தன்னைவிடப் பல மடங்கு வயது மூத்த கணவனின் வல்லுறவால் ரத்தம் போய் இறந்தாள். அவளுக்குப் பத்து வயது கடந்திருந்தது. 1860-இன் தண்டனைச் சட்டம் மனைவிக்கு வைத்திருந்த எல்லை பத்துதான். எனவே அது வல்லுறவு இல்லை என்றாகி, வேறு பிரிவில் கணவனுக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது.

பண்டிதர்கள் சாஸ்திரம் பேசினார்கள், பத்திரிகைகள் மானம் பேசின. அந்த நேரத்தில்தான் மோனெல் மான்செல் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவரின் முன்முயற்சியில், இந்தியாவில் பணியாற்றிய 55 பெண் மருத்துவர்கள் வைசிராய்க்கு ஒரு மனு அனுப்பினார்கள். அதில் தாங்கள் பார்த்த பதிமூன்று சிறுமிகளைப் பற்றிய குறிப்புகள் இருந்தன. பெயர் கிடையாது. வயது, காயம், பிறகு என்ன ஆனது, அவ்வளவுதான். கடைசியில் தெளிவாக ஒரு கோரிக்கை: வயதைப் பதினான்காக்குங்கள். 1891 மார்ச்சில் வந்த சட்டம் பன்னிரண்டோடு நின்றுவிட்டது.

அந்தக் குறிப்புகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு எண்ணம் வரும். வேறு யாராலும் தர முடியாத சாட்சியம் அது. பிரசவ அறைக்குள் போனவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. ஆனால் அந்தப் பதிமூன்று பேரும் அதில் உடம்பாக மட்டும் வருகிறார்கள், ஒருத்தியின் பேச்சும் இல்லை. 1927-இல் கேதரின் மேயோ தன் 'மதர் இந்தியா'வில் இதே பட்டியலைச் சேர்த்து, இந்தியர்கள் சுயாட்சிக்கு லாயக்கில்லை என்பதற்கு ஆதாரமாக்கினார். நாம் எழுதிக் கொடுப்பது யார் கைக்குப் போய் என்னவாகும் என்பது நம் வசத்தில் இல்லை.

அடுத்த முறை அரசே கேட்டது. 1928-இல் அமைந்த ஜோஷி குழு கேள்வித்தாள் அனுப்பியது, மாகாணம் மாகாணமாகப் போய் சாட்சியம் வாங்கியது. அதன் உறுப்பினர்களில் இரண்டு பெண்கள்: ராமேஸ்வரி நேரு, நம் ஊர்க்காரர்கள் கோஷாஸ்பத்திரி என்று சொல்லும் சென்னை விக்டோரியா மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஓபிரையன் பீடன். 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கியது. மணவாழ்வுக்குள் இணக்க வயது பதினைந்து என்ற ஜோஷி குழுவின் பரிந்துரைக்கோ 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் குழுவும் கணவன் செய்ததை வல்லுறவு என்று சொல்லக் கூசி, 'மணவாழ்வு முறைகேடு' என்ற பொருளில் தனிப்பெயர் தேடியது.

நான் உட்கார்ந்தேன். மான்செல் செய்ததையே செய்தேன், ஒரு மாற்றத்தோடு. என் புறநோயாளிகளில் ஐந்து பேர். பெயர், ஊர், மாதம் எதுவும் இல்லை. வயது, காயம். கூடவே, அவர்கள் என்னிடம் முதலில் சொன்னது, கதவைச் சாத்திய பிறகு சொன்னது. ஐவரில் மூவர் முதலில் சொன்னது ஒன்றேதான்: "வழுக்கி உளுந்துட்டனுங்க." கோரிக்கை ஒரே வரி: 375-ஆம் பிரிவில் கணவனுக்குத் தரும் விலக்கை எடுத்துவிடுங்கள். சங்க முத்திரை கிடைக்காததால் என் பதிவு எண்ணைப் போட்டேன். இரண்டு மருத்துவர்களும், பிரசவ வார்டில் முப்பது வருடம் நின்ற ஒரு நர்சம்மாவும் கையெழுத்திட்டார்கள். "டாக்டருங்க பேருக்குக் கீழ என் பேரா?" என்று தயங்கியவரிடம், என்னைவிட அதிகம் பார்த்தது நீங்கள்தானே என்றேன். ஜனவரி 4 அன்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து தொலைநகல் போனது.

குழுவுக்கு ஏறத்தாழ 80,000 கருத்துகள் வந்தன. ஜனவரி 23 அறிக்கை அந்த விலக்கை நீக்கச் சொன்னது. பிப்ரவரி 3 அவசரச் சட்டத்தில் அது இல்லை. 2017-இல் உச்ச நீதிமன்றம் மனைவியின் வயதைப் பதினெட்டாக்கியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நியாய சன்ஹிதாவிலும், பதினெட்டு கடந்த மனைவிக்கு விலக்கு அப்படியே நிற்கிறது. சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்று 2014-இல் நடுவண் அரசு கொள்கை வகுத்தது. அதை எவ்வளவு கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை.

தொலைநகலின் நகல் என் பீரோவில் மங்கிப்போய்க் கிடக்கிறது. அந்த மூத்தவர் ஒருநாள் கேட்டார்: "அன்னிக்கு அனுப்புனீங்களே அம்மிணி, பதில் ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"இல்லீங்க சார். அடுத்த வரைவு வந்தா நீங்களும் கையெழுத்துப் போடுவீங்களா?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.