ரவி வர்மாவின் நிறங்களும் கணினித் திரையும்

ரவி வர்மா (1848–1906) வரைந்த பெண்ணுருவங்களின் மேனி நிறம் குறித்துக் கலை வரலாற்றில் நெடிய விவாதம் உண்டு. சாதி, வர்க்கம், அழகு பற்றிய அக்காலக் கருத்துகளை அந்நிறம் சுமந்து நிற்கிறது என்பர். ஆனால் இவ்விவாதத்தில் இறங்கும் மாணவர் பலர் பார்ப்பது திருவனந்தபுரத்திலுள்ள மூல ஓவியங்களை அன்று; மடிக்கணினியில் தோன்றும் படிகளையே. எனவே முதலில் எழ வேண்டிய வினா ஒன்று: காண்பது ஓவியத்தின் நிறமா, திரையின் நிறமா?

இவ்வினா கணினிக்கு முற்பட்டது. திருவிதாங்கூரின் முன்னாள் திவான் டி. மாதவராவ், ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் படிகள் அச்சிடுமாறு 1880களில் ரவி வர்மாவுக்கு ஆலோசனை கூறினார். 1894இல் ரவி வர்மா பம்பாயில் சொந்த அச்சகமே நிறுவினார். அங்கு நிறத்துக்கு ஒரு கல் எனப் பல கற்கள். அவற்றின் மைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தே ஒரு கன்னத்தின் நிறம் உருவாயிற்று. மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் கருவி கைவினைஞரின் கண் மட்டுமே. மையும் தாளும் மாறினால் நிறமும் மாறிற்று.

கண்ணின் தீர்ப்பை எண்ணாக மாற்றும் வழியை 1931இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் வகுத்தது. 1976இல் 24 கட்டங்கள் கொண்ட வண்ண அட்டை அறிமுகமாயிற்று. 1993இல் பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு தோன்றியது. 1996இல் எச்பி, மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் எஸ்ஆர்ஜிபி முறையை முன்மொழிந்தன. கோப்பிலுள்ள எண் எந்த நிறத்தைக் குறிக்கும் என்பதில் இவ்வாறு உடன்பாடு பிறந்தது.

ஆயினும் அந்த எண்ணை ஒவ்வொரு மானிட்டரும் ஒவ்வொரு விதமாகவே காட்டுகிறது. திரை நீலம் பாய்ந்திருந்தால் மாநிறமும் வெளிறித் தோன்றும். இதற்குத் தீர்வு அளவுத்திருத்தம். திரையை அரைமணி நேரம் ஓடவிட்டு, வெண்மையை 6500 கெல்வினுக்கும் காமாவை 2.2க்கும் அமைத்து, நிறமானியைத் திரைமீது பொருத்த வேண்டும். மென்பொருள் காட்டும் நிறக் கட்டங்களைக் கருவி அளக்கும். காணும் வேறுபாடு திரைக்குரிய வண்ணக் கோப்பில் பதிவாகும்.

திருத்திய திரையும் பிழையான வருடலைச் சரிசெய்யாது. ஓவியத்தோடு வண்ண அட்டையையும் சேர்த்துப் படமெடுத்திருந்தால்தான் பிழையைக் கண்டறிய இயலும். மஞ்சளித்த வார்னிஷுக்கு அடியில் ஓவியர் தீட்டிய நிறத்தை எந்த அட்டையும் மீட்டுத் தராது.

சுவடிப் பதிப்பாசிரியர் பாடபேதங்களைக் குறிக்காமல் மூலபாடம் நிறுவுவதில்லை. நிறத்தைச் சான்றாக்கும் ஆய்வேடும் படத்தின் மூலம், அதன் வண்ணக் கோப்பு, பார்த்த திரை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். அக்குறிப்பு இல்லாதவிடத்து, மேனி நிறம் பற்றிய வாதம் ரவி வர்மாவைப் பற்றியதா, மானிட்டரின் தொழிற்சாலை அமைப்பைப் பற்றியதா என்பதைப் படிப்பவர் அறிய வழியில்லை.